ஸ்ட்ராட் பாடியில் பெயிண்ட் சுருங்கிவிட்டது: சீலர் தப்பா, பெயிண்ட் தப்பா?

ஆறுகம்பி (பெரம்பூர்):

அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம். பாதி விவரம் சொன்னால் "என்ன டப்பா, எந்தத் தின்னர்" என்று திரும்பக் கேட்பீர்கள் என்பதால் முழுக் கதையையும் எழுதிவிடுகிறேன்.

கிட்டார், 2009இல் கல்லூரி சீனியர் ஒருவரிடம் 4,500 ரூபாய்க்கு வாங்கிய ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார்) காப்பி. ஹெட்ஸ்டாக்கில் இருந்த பெயர் என் கைக்கு வரும் முன்பே அழிந்துவிட்டது. பிக்கப் மாற்றிய பிறகு சத்தம் அருமை. ஞாயிறுதோறும் சர்ச்சில் இதைத்தான் வாசிக்கிறேன். நிறம் மட்டும் வதங்கிய பீட்ரூட் மாதிரி ஒரு சிவப்பு, ஓரங்களில் சில்லு சில்லாகப் பெயர்ந்தும் இருந்தது. பழைய ஃபெண்டர்களில் வரும் வெளிறிய நீலம், சோனிக் ப்ளூ என்பார்களே, அதை அடித்துவிடலாம் என்று ஆயுத பூஜை விடுமுறையில் இறங்கினேன்.

பழைய பூச்சை உரிக்க ஒரு ஹீட் கன் இரவல் வாங்கினேன். அதைப் பெயிண்ட் என்றே சொல்ல முடியாது, பிளாஸ்டிக் தட்டு. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன். சூடு ஏறியதும் அவித்த முட்டையின் ஓடு மாதிரி துண்டு துண்டாக வந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் அதிலேயே போயின. உள்ளே மரம் வெளிறிய நிறம், ரேகை அதிகம் இல்லை, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. 120, பிறகு 220 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

அப்புறம் ஹார்டுவேர் கடையில் மரத் துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலர் வாங்கி (டப்பாவில் என்சி, அதாவது நைட்ரோசெல்லுலோஸ், என்று போட்டிருந்தது) பிரஷ்ஷால் இரண்டு கோட். 320 நம்பரில் லேசாகத் தேய்ப்பு. அதன்மேல் அதே கடையில் வாங்கிய ஸ்கை ப்ளூ ஸ்ப்ரே டப்பா, மூன்று கோட். கேட்டுக்கும் கிரில்லுக்கும் எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார் கடைக்காரர். மொட்டைமாடி அறையில் இரண்டு நாள் தொங்கவிட்டேன், தொட்டால் கையில் ஒட்டவில்லை. பளபளப்புக்காக "கிளியர் லாக்கர்" என்று போட்டிருந்த இன்னொரு ஸ்ப்ரே. முதல் கோட் அடித்துவிட்டுக் கீழே போய் டீ குடித்துத் திரும்புவதற்குள் முன்பக்கம் முழுக்கப் பாலாடை மாதிரி சுருங்கிக் கிடந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்பக்கத்தில் நீலம் அடிக்கும்போதே சின்னச் சின்ன வட்டக் குழிகள் விழுந்தன, அம்மைத் தழும்பு மாதிரி. அது லாக்கருக்கு முந்தியே வந்தது.

மூன்றில் யார் தப்பு: சீலரா, பெயிண்டா, லாக்கரா? மறுபடி மரம் வரை உரிக்க வேண்டுமா? கடையில் இப்போது என்சி, மெலமைன், பியூ (பாலியூரித்தேன்) என்று மூன்று வகை சீலர் காட்டுகிறார்கள். எது எதோடு சேரும்? டிசம்பர் முதல் வாரம் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிடும், இன்றைக்கு அக்டோபர் 24.

புதுப்பேட்டை பட்டறை:

தம்பி, எதுக்கு இந்த வம்பு. மேலே சுருங்கினதை 400 போட்டுச் சமமாக்கிட்டு 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கிறது) அடிங்க. கார் போனட்டே தாங்குது, கிட்டார் தாங்காதா. ஒரு மணி நேர வேலை.

அரக்குப்பெட்டி (கோவை):

பட்டறை அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். அவர் நீலம் அடித்தது கேட்டுக்கு அடிக்கும் எனாமல். அதன்மேல் 2கே போட்டாலும் அதே பாலாடைதான்.

ஆறுகம்பி, மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பிக்கார்டுக்குக் (பாடியின் முன்பக்கம் பூட்டும் பிளாஸ்டிக் தகடு) கீழே ஒளிந்துபோகும் இடத்தில், என்சி தின்னரில் நனைத்த பஞ்சை நீலத்தின்மேல் அரை நிமிடம் வையுங்கள். நீலம் கரைந்து பஞ்சில் ஏறுகிறதா, அல்லது தோல் மாதிரி நெளிந்து எழும்புகிறதா? அப்புறம், சீலர் மட்டும் தெரியும் இடம் எங்காவது இருந்தால் அங்கேயும் அதே பஞ்சு. மூன்றாவது, நீலம் அடிக்குமுன் தூசியை எதால் துடைத்தீர்கள்?

ஆறுகம்பி:

நீலம்: நெளிந்து எழும்புகிறது. நகத்தால் இழுத்தால் தோல் மாதிரி உரிகிறது.

சீலர்: கரைந்து பஞ்சில் பிசுபிசுவென ஒட்டிக்கொண்டது.

துடைத்த துணி: வண்டி துடைக்கும் மஞ்சள் துணி. நன்றாகத் துவைத்ததுதான். ஆனால் அதில்தான் பைக் டேங்குக்கும் சீட்டுக்கும் பாலிஷ் போடுவேன். ஏன் கேட்டீர்கள் என்று இப்போது லேசாகப் புரிகிறது.

அரக்குப்பெட்டி (கோவை):

புரிந்திருக்கும். பைக் சீட் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் இதிலெல்லாம் பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய் இருக்கும். துவைத்தாலும் போகாது. அது பட்ட இடத்தில் ஈரப் பெயிண்ட் நிற்காமல் ஒதுங்கிக்கொள்ளும், தாமரை இலையில் தண்ணீர் ஒதுங்குகிற மாதிரி. உங்கள் அம்மைத் தழும்பு அதுதான். பட்டறைகளில் மீன்கண் என்பார்கள். சுருக்கம் வேறு நோய், மீன்கண் வேறு நோய். உங்கள் கிட்டாருக்கு இரண்டும் ஒரே வாரத்தில் வந்திருக்கிறது.

சரி, சுருக்கத்துக்கு வருவோம். சீலர் நிரபராதி. லாக்கரும் தன் வேலையைத்தான் செய்தது. நடுவில் இருந்த எனாமல்தான் இடம் மாறி உட்கார்ந்த ஆள்.

என் அப்பா ஃபர்னிச்சர் கடைகளுக்கு பாலிஷ் போட்டவர். என்னைக் கூடவே கூட்டிப்போவார். ஒரு புது டப்பாவைக் கையில் எடுத்தால் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இது காயுதா, இறுகுதா?" சின்ன வயதில் இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்பேன். இல்லை. காய்கிற சாதியில் திரவம் ஆவியாகிப் போகிறது, பிசின் அப்படியே மிஞ்சுகிறது. அரக்கு, என்சி லாக்கர், அக்ரிலிக் லாக்கர் எல்லாம் இந்தக் கூட்டம். பத்து வருஷம் கழித்து அதே திரவத்தை ஊற்றினாலும் திரும்பக் கரையும். அதனால் ஒரு கோட்டின்மேல் அடுத்த கோட் அடித்தால் கீழே இருப்பது சற்று இளகி, இரண்டும் ஒன்றாகிவிடும். இறுகுகிற சாதியில் பிசினே உள்ளுக்குள் வேதிவினையால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். 2கே பியூ ஹார்டனரால் இறுகும், பாலியெஸ்டருக்கும் ஊக்கி உண்டு, மெலமைன் ஆசிடால் இறுகும். முழுக்க இறுகிவிட்டால் எந்தத் தின்னரும் ஒன்றும் செய்யாது. நீங்கள் ஹீட் கன்னால் உரித்த பிளாஸ்டிக் தட்டு பாலியெஸ்டராக இருக்க வேண்டும், அந்தத் தடிமனும் முட்டை ஓடு மாதிரி உடைந்ததும் அதைத்தான் காட்டுகின்றன.

எனாமலும் இறுகுகிற சாதிதான், ஆனால் காற்றில் உள்ள ஆக்சிஜனை மெல்ல மெல்லக் குடித்து இறுகும். மேலே இரண்டு நாளில் தொடலாம், உள்ளே வாரக்கணக்கில் பச்சையாக இருக்கும். அந்த நிலையில் என்சி லாக்கரின் சூடான தின்னர் (சூடு என்றால் நெருப்பில்லை, கடிக்கிற வேகம்) உள்ளே இறங்கியதும் பாதி இறுகிய படலம் ஊறி வீங்கும். பக்கவாட்டில் விரிய இடம் கிடையாது, அதனால் மேலே எழும்பி மடிகிறது. 2கே கிளியரின் தின்னரும் கடிக்கிற வகைதான், அதனால்தான் பட்டறை அண்ணனைத் தடுத்தேன்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. தொழில் ஆரம்பித்த புதிதில் ஒரு மெல்லிசைக் குழுக்காரரின் அக்கூஸ்டிக் கிட்டார் வந்தது. முன்பலகையில் யாரோ கறுப்பு எனாமலில் பிரஷ் போட்டிருந்தார்கள். நான் அதை லாக்கர் என்று நினைத்து மேலே என்சி கிளியர் அடித்தேன். மறுநாள் அவருக்குக் கச்சேரி. இரவு 11 மணிக்கு நானும் அப்பாவும் பழைய பிளேடை வைத்துக்கொண்டு அந்த முன்பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது எது எதோடு சேரும்.

என்சி சீலர், என்சி கலர், என்சி கிளியர்: மூன்றும் ஒரே தின்னர் குடிப்பவை, பயமே இல்லை. ஆனால் சாண்டிங் சீலரில் ஒரு சங்கதி உண்டு. தேய்த்தால் மாவு மாதிரி உதிர வேண்டும் என்பதற்காக அதில் ஸ்டியரேட் என்ற சோப்புப் பொருளைச் சேர்ப்பார்கள். அதனால் அந்தப் படலம் மென்மையானது. தடியாக விட்டுவிட்டால் மேலே உள்ள லாக்கர் நாளடைவில் இறங்கும், வெடிக்கும். இரண்டு கோட் போட்டு, ஏறக்குறைய மரம் தெரியும் வரை தேய்த்துவிட வேண்டும். மரத் துளைக்குள் இருந்தால் போதும், மேலே மிச்சம் வேண்டாம்.

என்சி சாண்டிங் சீலரின்மேல் 2கே பியூ: தச்சுப் பட்டறைகளில் செய்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். மேஜைக்கு ஓடலாம். கிட்டாரின் ஓரங்களில் அடி படும், அந்த மென்மையான சீலரோடு பியூ படலம் தகடாகக் கழன்று வரும். பியூ போடுவதென்றால் பியூவின் சீலர், அதுவும் அதே கம்பெனி, அதே ஹார்டனர். மெலமைனுக்கும் அப்படியே. மெலமைன் எனக்குப் பிடிக்காது. உங்கள் மரம் நகம் பட்டாலே பள்ளம் விழும் பாஸ்வுட் போலத் தெரிகிறது. அதன்மேல் அவ்வளவு கெட்டியான, நொறுங்குகிற படலம் எதற்கு?

தலைகீழாக, முழுக்க இறுகிய 2கேயின்மேல் என்சி: தாராளமாகப் போகலாம். ஆனால் கரைந்து ஒட்டாது, பிடித்துத்தான் ஒட்டும். அதனால் 400 போட்டுச் சொரசொரப்பாக்க வேண்டும். இதைச் சொன்னால் "அசல் ஃபெண்டர் முழுக்க நைட்ரோ" என்று சண்டைக்கு வருவார்கள். 1960களில் ஃபெண்டரே ஃபுல்லர்பிளாஸ்ட் என்ற இறுகுகிற சீலரை அடியில் அடித்து, அதன்மேல்தான் லாக்கர் அடித்தது. அந்த லாக்கரும் கிட்டாருக்கென்று பிறந்ததில்லை. டூபாண்ட் கம்பெனி 1920களில் கார்களுக்காகக் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டின் பெயர் டக்கோ. 1924 மாடல் ஓக்லண்ட் கார்கள் நீல டக்கோவில் வந்தன. நம் ஊரில் இன்றைக்கும் மரத்துக்குக் கலர் ஸ்ப்ரே அடித்தால் "டக்கோ வேலை" என்கிறோமே, அது அந்த டப்பாவின் மிச்சம். நீங்கள் கேட்கும் சோனிக் ப்ளூவே 1956இல் காடிலாக் காருக்கு வந்த நிறம். மெட்டாலிக் நிறங்களில் சில லூசைட் என்ற அக்ரிலிக் லாக்கரில் வந்தன. கலர் அக்ரிலிக், மேலே கிளியர் நைட்ரோ, இரண்டும் காய்கிற சாதி, சண்டை வரவில்லை.

கீழே என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை, அல்லது தெரிந்தும் நம்பிக்கை இல்லை என்றால் நடுவில் ஒரு பஞ்சாயத்து ஆள் உண்டு: மெழுகு நீக்கிய அரக்கு. அரக்கு ஸ்பிரிட்டில் கரைவது. ஸ்பிரிட் எனாமலையும் லாக்கரையும் அவ்வளவாகக் கடிக்காது. காய்ந்தபின் பெரும்பாலும் எல்லாமே அதன்மேல் ஒட்டும். சிலிக்கானையும் கீழேயே அடக்கிவைக்கும். அமெரிக்காக்காரன் இதைச் சின்ன டப்பாவில் அடைத்து டாலரில் விற்கிறான். சரக்கு நம் ஜார்கண்டில் மரக்கிளைகளில் விளைவது.

செதில் அரக்கு வாங்குங்கள். ஒரு லிட்டர் பாலிஷ் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம். கண்ணாடி ஜாடியில் ஒரு நாள் ஊறவிட்டு, பிறகு ஒரு வாரம் அசைக்காமல் வையுங்கள். மெழுகு கீழே வண்டலாக இறங்கும். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் இன்னொரு ஜாடிக்கு இறுத்துக்கொள்ளுங்கள். மெழுகோடு போட்டால் அதன்மேல் பியூ பிடிக்காது, அப்புறம் அரக்கைக் குறை சொல்வார்கள். ஊறவைத்த ஜாடியில் தேதி எழுதுங்கள். ஆறு மாதத்துக்குமேல் பழசானால் சரியாகக் காயாது.

உங்களுக்கு நான் சொல்லும் வழி இது. நீலத்தைத் தேய்க்காதீர்கள், உப்புத்தாள் சப்பாத்தி மாவு மாதிரி அடைத்துக்கொள்ளும். தின்னரில் நனைத்த பனியன் வேஸ்டை மேலே போட்டுப் பத்து நிமிடம் விட்டு, பழைய ஏடிஎம் கார்டால் வழியுங்கள். சீலரும் கூடவே வந்துவிடும், வரட்டும். திறந்த மாடியில் செய்யுங்கள். அந்த வேஸ்டைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயவையுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. பிறகு கார் பெயிண்ட் கடையில் கிடைக்கும் கிரீஸ் ரிமூவரால் இரண்டு முறை துடைப்பு. ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது ஆவியாகும் முன் இன்னொரு சுத்தமான துணியால் எடுங்கள். மஞ்சள் துணி அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. பிறகு 220, 320. பிறகு அரக்கு நான்கைந்து மெல்லிய கோட்.

டிசம்பர் கேரலுக்கு? அரக்கோடு நிறுத்திவிடுங்கள். ஒரு வாரம் காயவிட்டுப் பூட்டி வாசியுங்கள். வெறும் மர நிறத்தில் தேன் பூசின மாதிரி இருக்கும். வியர்வை பட்டால் மங்கும், அதனாலென்ன, ஒரு மாதத்துக்குத்தானே. பண்டிகை முடிந்து கழற்றி, 400 நம்பரில் லேசாகத் தேய்த்தால் அதே அரக்குதான் உங்கள் சீலர். இப்போதே என்சி அடிக்க ஆசைப்படாதீர்கள். ஐப்பசி மழையில் சென்னையில் லாக்கர் அடித்தால் வெள்ளைப் பூக்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து உள்ளே மாட்டிக்கொள்வதுதான் அந்த வெள்ளை. தின்னர் ஆவியாவதை மெதுவாக்கும் ரிட்டார்டர் சேர்த்தால் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் என்சி முழுக்கக் காய மூன்று நான்கு வாரம் ஆகும், அதை உங்கள் காலண்டர் கொடுக்காது.

பிப்ரவரியில், காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள், வெள்ளை என்சி சர்ஃபேசர் (கலருக்கு அடிப்பூச்சு) இரண்டு கோட், என்சி கலர் மூன்று நான்கு, என்சி கிளியர் எட்டுப் பத்து. கலர் அரை லிட்டர் தாராளம். கிளியருக்கு ஒரு லிட்டர் வாங்குங்கள். தின்னர் மட்டும் மலிவு சரக்கு வேண்டாம், அதே கம்பெனியின் தின்னர். ஒன்றையும் நேரே பாடியில் அடிக்காதீர்கள். ஒரு துண்டு மரத்தில் அரக்கிலிருந்து கிளியர் வரை முழு வரிசையையும் அடித்து, ஒரு வாரம் வைத்து, பிளேடால் கீறி மாஸ்கிங் டேப் ஒட்டி இழுத்துப் பாருங்கள். என்சி கிளியர் வருஷப்போக்கில் மஞ்சளாகும். வெளிறிய நீலத்தின்மேல் அது பச்சையாகத் தெரியும். பழைய சோனிக் ப்ளூ கிட்டார்கள் பல அப்படித்தான் கடல்பாசி நிறத்துக்கு வந்தன. அது பிடிக்காதென்றால் இப்போதே சொல்லுங்கள், அக்ரிலிக் கிளியர் பார்ப்போம்.

நெக் பாக்கெட்டில் (கிட்டாரின் கழுத்து வந்து உட்காரும் பள்ளம்) டேப் ஒட்ட மறக்க வேண்டாம். ஈரத்தேய்ப்பு செய்யும்போது ஸ்க்ரூ துளைகளுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரம் ஊறினால் துளையைச் சுற்றி லாக்கர் நட்சத்திரமாக வெடிக்கும்.

வீணைப்பலகை (தஞ்சாவூர்):

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். மீன்கண் பற்றிச் சொன்னது எங்களுக்கும் பொருந்தும். வீணையில் மெட்டு வைக்கும் மெழுகு ஒரு சொட்டு பலாப்பலகையில் விழுந்தாலும் அந்த இடத்தில் பாலிஷ் பிடிக்காது.

என் கேள்வி வேறு. மகனுக்காக ஈட்டி மரத்தில் ஒரு பேஸ் கிட்டார் பாடி செய்தேன். பாலியெஸ்டர் சீலர் அடித்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் பிசுபிசுவென்றே இருக்கிறது. ஊக்கி சரியான அளவில்தான் கலந்தேன். கூடவே அடித்த மாமரத் துண்டில் மறுநாளே கல்லாகிவிட்டது.

அரக்குப்பெட்டி (கோவை):

அக்கா, ஊக்கியில் தப்பில்லை, ஈட்டியின் எண்ணெய்தான் காரணம். அந்தக் குடும்ப மரங்களில் உள்ள சத்து பாலியெஸ்டரை இறுகவே விடாது. இன்னும் மூன்று வாரம் காத்திருந்தாலும் அப்படியேதான் இருக்கும். வழித்துத் துடைத்து எடுத்துவிட்டு, அசிடோனில் ஒருமுறை துடைத்து, அது காய்ந்த உடனே 2கே பியூவின் ஐசோலேட்டர் சீலர் ஒரு கோட் அடித்து மரத்தை அடைத்துவிடுங்கள். அதன்மேல் பாலியெஸ்டர் இறுகும். நானாக இருந்தால் பாலியெஸ்டரையே விட்டுவிட்டு பியூவிலேயே மேலே போய்விடுவேன். மாமரத் துண்டு போதாது அக்கா, ஈட்டித் துண்டில்தான் சோதனை பார்த்திருக்க வேண்டும்.

புதுப்பேட்டை பட்டறை:

அரக்கு அண்ணன் சொல்றது சரி, எனாமல்னு நான் கவனிக்கலை. ஸ்ப்ரே டப்பான்னதும் லாக்கர்னு நினைச்சிட்டேன்.

2கே வேணும்னு யாராவது இதைப் படிச்சா ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. அதை மொட்டைமாடியில துணி மாஸ்க் கட்டிக்கிட்டு அடிக்காதீங்க. வாசனையை வச்சு எவ்வளவு உள்ளே போகுதுன்னு தெரியாது, ஒருதடவை நுரையீரலுக்கு ஒத்துக்காமப் போச்சுன்னா அப்புறம் கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கும். எங்ககூட வேலை பார்த்த ஒருத்தர் இப்போ பெயிண்ட் பக்கமே வர்றதில்லை, டிங்கரிங் மட்டும்தான். காத்து வெளியிலிருந்து வர்ற மாஸ்க்கும் ஸ்ப்ரே அடிக்கிற பூத்தும் இருக்கிற இடத்துல கொடுத்து அடிங்க.

ரெண்டாவது, கார் பூத்ல கொடுத்தா ஹீட்டர் போட வேண்டாம்னு சொல்லிடுங்க. காருக்கு 60 டிகிரி வச்சு வாட்டுவோம். ஒருதடவை ஒரு கிட்டாரையும் பம்பரோட சேர்த்து உள்ளே மாட்டிட்டேன். மரத்துத் துளையில இருந்த காத்து விரிஞ்சு, கிளியர் முழுக்க ஜவ்வரிசி வடாம் மாதிரி பொரிஞ்சிடுச்சு.

ஆறுகம்பி:

உரித்தாயிற்று. ஏடிஎம் கார்டு வேலை செய்கிறது, எனாமல் வாழைப்பழத் தோல் மாதிரி வருகிறது. அரக்கு ஜாடி அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. அம்மா ஊறுகாய் என்று நினைத்து எடுத்துவிட்டார், இப்போது மேலே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். பச்சையாவது பற்றிக் கேட்டீர்கள்: பரவாயில்லை அண்ணா, பச்சையாகட்டும்.

ஆறுகம்பி (மார்ச் 16):

பழைய இழையைத் தோண்டுவதற்கு மன்னிக்கவும். கேரல் அரக்கிலேயே ஓடியது. 24ஆம் தேதி ராத்திரி வரை பதினோரு வீடுகள், ஒரு ஆஸ்பத்திரி வார்டு. முழங்கை உரசும் இடத்தில் மட்டும் வெளுத்துப்போனது. நிறம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது, "எதுக்குப்பா நீலம், இப்படியே விடு" என்றார்கள். கேட்கவில்லை.

பிப்ரவரி முதல் வாரம் நீங்கள் சொன்ன வரிசைப்படியே அடித்தேன். முதல் துண்டு மரத்தில் மாஸ்கிங் டேப் இழுத்தபோது கிளியர் தகடாக வந்துவிட்டது. அரக்கை 400இல் தேய்க்காமலே மேலே போயிருந்தேன். இரண்டாவது துண்டில் தேய்த்துவிட்டு அடித்தேன், டேப்பில் ஒன்றும் வரவில்லை. பாடியில் ஒரு இடத்தில்கூட மீன்கண் இல்லை, சுருக்கம் இல்லை. ஆறாவது கிளியர் கோட்டில் ஒரு கொசு விழுந்தது, அது அங்கேயே இருக்கிறது. ஐந்து வாரம் தொங்கவிட்டு, முகர்ந்தால் வாசனை இல்லை என்ற பிறகு 1000, 1500, 2000 ஈரத்தேய்ப்பு, பாலிஷ்.

நேற்று பூட்ட உட்கார்ந்தேன். கலர் அடித்த நாள்வரை நெக் பாக்கெட்டில் டேப் இருந்தது. கிளியர் தொடங்கும்போது அது அழுக்காகிவிட்டதே என்று பிய்த்துவிட்டு, புதிது ஒட்ட மறந்துவிட்டேன். இப்போது நெக் உள்ளே போக மறுக்கிறது. பாதி வரை போய் நிற்கிறது. பலமாக அழுத்தப் பயமாக இருக்கிறது. நெக்கின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் இழைத்துவிடலாமா?

அரக்குப்பெட்டி (கோவை):

நெக்கைத் தொடாதீர்கள் தம்பி, அழுத்தவும் வேண்டாம். அழுத்தினால் பாக்கெட்டின் மெல்லிய ஓரத்தில் லாக்கர் விரியும்.

தட்டையான சின்னக் கட்டையில் 320 நம்பர் தாளைச் சுற்றி, பாக்கெட்டின் இரண்டு பக்கச் சுவர்களையும் தேயுங்கள். மேல் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளும்போது மட்டும் அழுத்தம் கொடுங்கள், திரும்ப எடுக்கும்போது தாளைத் தூக்கிவிடுங்கள். வெளிப்பக்கம் இழுத்துத் தேய்த்தால் விளிம்பு நீலம் சில்லாகப் பெயரும். பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை நெக்கை வைத்துப் பாருங்கள். அடித்தளத்தில் கிளியர் திட்டாக நின்றால் அதையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நெக் சாய்ந்து உட்காரும்.

பூட்டியபின் அந்தக் கொசுவோடு ஒரு படம் போடுங்கள்.